இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று சொல்லாதீர்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு காயலில் ஓர் இளைஞரைத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்தேன். கரையிலிருந்து நாற்பதடி தூரம்கூட இருக்காது. செல்ஃபி எடுக்க எழுந்து நின்றிருக்கிறார், கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், ஆனால் ஒரு பக்கிளைக்கூட மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஜாக்கெட் மேலேறி முகத்தை மூடிக்கொள்ள, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கோடையில் நான் பார்த்த நான்காவது ஆள் இவர்.

"இடுப்பளவுத் தண்ணீர்தானே, இதெல்லாம் எதற்கு?" கயாக் வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் தினமும் என்னிடம் கேட்பது இது. கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. காயலின் அடியில் இருப்பது சேறு. ஊன்றிய கால் முழங்கால் வரை உள்ளே போகும். அதை உருவ மற்றக் காலை அழுத்தினால் அதுவும் புதையும். சேறு இல்லாத இடத்தில் சிப்பி ஓடுகள், பாதத்தைக் கிழித்துவிடும். இடுப்பளவு என்பது நிமிர்ந்து நிற்கிறவருக்கு. மல்லாந்து விழுந்தவருக்கு அதே தண்ணீர் தலைக்கு மேல். திடீரென்று விழுகிறவர் தன்னையறியாமல் மூச்சை இழுப்பார், தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். காலையில் பார்த்த ஆழம் மாலையிலும் இருக்கும் என்று நம்ப இது தொட்டியா? முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கடல் ஏறினால் காயலும் ஏறும்.

ஜாக்கெட்டை மடியில் வைக்காதீர்கள், இருக்கையில் விரித்து உட்காராதீர்கள். எல்லாப் பக்கிளையும் மாட்டி, வார்களை இறுக்கி, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைக்குப் பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை மாட்டிவிடுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து குழந்தை அளவு கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் குழந்தையோடு கரையிலேயே இருங்கள்.

குடித்துவிட்டு வரவே வராதீர்கள்.

கோடையில் நண்பகலை ஒட்டிக் கடல்காற்று எழும். அது முதுகில் தள்ளும்போது துடுப்புப் போடுவது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தோள் கழன்றுவிடும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு அதுவே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். கடல் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்குக் கிழக்கே போக வேண்டாம். இழுப்பு கடலை நோக்கி இருக்கும்.

கவிழ்ந்தால் கயாக்கை விடாதீர்கள். வாடகைக்குக் கிடைக்கிற, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை குப்புறக் கிடந்தாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுங்கள். கரை பக்கம்தானே என்று நீந்தக் கிளம்பாதீர்கள்.

கயாக் வாடகைக்கு விடும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கிள் மாட்டாதவர் கையில் துடுப்பைக் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குத்தான் போவார். அந்தக் கடைக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.