மீட்டர்ல 4,100, டயர்ல 0818

போன சனிக்கிழமை கோலாலம்பூர் செகாம்புட்ல ஒரு காடி ஷோரூமுக்குப் போயிருந்தேன். நமக்கும் அந்த எடத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, கிள்ளான்ல பழைய இரும்பு யாவாரம் பண்ற அண்ணன் ஒருத்தர் கூப்பிட்டாரு, "தம்பி, நீ இருபது வருஷமா ஸ்பேனர் புடிச்சவன், வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ"ன்னு. உள்ள நின்னது 2018 மெக்லாரன் 720எஸ், பப்பாளி ஆரஞ்சு கலர். சும்மா சொல்லல, அந்தக் கம்பெனியே அந்தக் கலருக்குப் பப்பாளின்னுதான் பேர் வச்சிருக்கு. 4 லிட்டர் வி8, ரெண்டு டர்போ, 720 குதிரைசக்தி, நூறு கிமீ வேகத்தத் தொட 2.9 செகண்ட். ரோட் டேக்ஸ் மட்டும் வருஷத்துக்கு 6,600 வெள்ளி (ரிங்கிட்), என்னோட குட்டிக் காடி மைவிக்கு 90.

மீட்டர்ல 4,100 கிமீ. "அப்படியே புதுக் காடிய்யா"ன்னு அண்ணன் சொல்றாரு, சேல்ஸ்மேன் பையன் உடனே, "ஆமா போஸ், ஓட்டவே இல்ல, வாராவாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிடுவோம்"னான். எனக்கு அங்கதான் வயித்தக் கலக்குச்சு.

ஏன்னா ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். நம்ப மாட்டீங்க, ஆனா பெட்ரோல்ல இருக்குற ஹைட்ரஜன் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்தா வேற என்ன ஆகும், தண்ணிதான். காலையில காடி ஸ்டார்ட் பண்ணதும் எக்ஸாஸ்ட் குழாய்ல சொட்டு சொட்டா ஒழுகுதுல்ல, அதேதான். இந்த நீராவில கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ இறங்கி ஆயில்ல கலக்கும், கூடவே எரியாத பெட்ரோலும் போகும், ஏன்னா இஞ்சின் குளிரா இருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடவே ஊத்தும். ஒழுங்கா ஓட்டுற காடில ஆயில் நூறு டிகிரி பக்கம் ஏறி கொஞ்ச நேரம் அங்கயே நின்னா இது எல்லாம் ஆவியாப் போயிடும், ஆனா ஆயில் அவ்ளோ சூடாக நல்லா கால் மணி நேரமாவது ரோட்ல ஓடணும். அஞ்சு நிமிஷத்துல தண்ணியைச் சேக்கத்தான் முடியும், விரட்ட முடியாது. இப்படி வாராவாரம் சேத்தா ஆயில் மூடியைத் திறக்கும்போது அடியில சந்தனம் கரைச்ச மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். அதுக்கு ஸ்டார்ட் பண்ணாம பேட்டரிக்கு சார்ஜரை மாட்டி விட்டிருந்தாகூட புண்ணியமாப் போயிருக்கும்.

அந்தப் பையன் பேட்டரிக்காகத்தான் ஸ்டார்ட் பண்றான், அதுல தப்பில்ல. அலாரம், லாக், கம்ப்யூட்டர் எல்லாம் சேந்து 30 மில்லி ஆம்பியர் இழுத்தாக்கூட ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர் போயிடும், 60 ஆம்பியர் அவர் பேட்டரி மூணு மாசத்துக்குள்ள காலி. ஆனா அஞ்சு நிமிஷ ஸ்டார்ட்ல திரும்பி ஏறுறது கொசுறு.

அடுத்து டயர். போன் லைட்டை அடிச்சுக்கிட்டு குனிஞ்சு தேடினா பக்கவாட்டுல ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 0818. 2018ல எட்டாவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். காடியோட வந்த அதே டயர். டயர் பூ, அதான் மேல வெட்டியிருக்குற கோடு, அப்படியே இருக்கு, கையால தடவுனா மட்டும் கிட்டத்தட்ட பிளாஸ்டிக். ரப்பர்ல ஒரு மெழுகும், ஓசோன் அரிக்காம காக்குற மருந்தும் கலந்திருப்பாங்க, டயர் ஓடி ஓடி அமுங்கி விரியும்போதுதான் அது உள்ளேர்ந்து மேல வந்து தோலாப் படியும். நின்ன டயருக்கு அந்த எண்ணெய்க் குளியலே கிடையாது, அதுவும் நம்ம ஊரு வெக்கையில. 341 கிமீ வேகம் போற காடி அதும்மேலதான் நிக்குது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அண்ணனுக்கு மூஞ்சி வாடிப்போச்சு, அப்ப எதுதான்யா இதுல வயசாகாததுன்னு கேட்டாரு. உள்ள ஏறி உக்காருங்கன்னேன். கதவு மேல தூக்கிக்குச்சு, காலை உள்ள விட்டாரு, தொப்பை வாசப்படில இடிக்குது, "என்னடா இது, குளிக்கிற தொட்டிக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு"ன்னாரு. அதேதான்ணே, தொட்டிதான். மத்த காடிக்கு இரும்புச் சட்டம், இதுக்கு கார்பன் ஃபைபர் தொட்டி.

கார்பன் இழை ஒண்ணோட தடிமன் நம்ம தலைமுடில பத்துல ஒரு பங்குதான் வரும். இழுத்தா இரும்பே தோத்துடும், ஆனா தனியா விட்டா துணி மாதிரி துவண்டுரும். கஞ்சி போட்ட வேட்டி விறைச்சு நிக்குதுல்ல, அந்த மாதிரி இழையை ரெசின்ங்கிற பசையில ஊற வச்சு, ஒவ்வொரு அடுக்கையும் வேற வேற திசையில வச்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் இறுக வைக்கிறாங்க. எந்தப் பக்கம் பாரம் வருதோ அந்தப் பக்கம் இழையை ஓட விடலாம், இரும்புல அந்த வசதி இல்ல. 2011ல மெக்லாரன் விட்ட 12சி காடியோட தொட்டி மொத்தமே 75 கிலோ, என் எடையை விட நாலு கிலோ கம்மி.

இது அவங்க வீட்டுச் சொத்துன்னே சொல்லலாம். கம்பெனிய ஆரம்பிச்ச புரூஸ் மெக்லாரன் நியூசிலாந்துக்காரரு, அப்பாவுக்கு ஆக்லாந்துல வொர்க்‌ஷாப், சின்ன வயசுல இடுப்பெலும்பு நோய் வந்து ஒரு கால் குட்டையாயிடுச்சு. 1959ல 22 வயசுல ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரீ ரேஸ் ஜெயிச்சாரு, 1963ல சொந்த டீம், 1970ல குட்வுட்ல காடி டெஸ்ட் பண்ணும்போதே போயிட்டாரு, 32 வயசு. அவர் போன பதினொரு வருஷம் கழிச்சு, 1981ல, ஜான் பார்னார்ட் டிசைன்ல எம்பி4/1, ஃபார்முலா ஒன்ல முழு கார்பன் சேஸிஸோட, அதாவது இதே மாதிரி தொட்டியோட, வந்த முதல் காடி. சொந்தமா செய்ய வசதியில்லாம அமெரிக்காவுல ராக்கெட் வேலை பாக்குற ஹெர்குலிஸ் கம்பெனிகிட்ட குடுத்துதான் செஞ்சாங்க. இடிச்சா தூள்தூளாப் போயிடும்னு நிறைய பேர் பேசுனாங்க. அந்த வருஷமே இத்தாலி மோன்சா ரேஸ்ல அவங்க டிரைவர் ஜான் வாட்சன் பின்பக்கமா தடுப்புல போய் மோதி, இஞ்சினே பிச்சுக்கிட்டு ரோட்ல போச்சு, தொட்டி அப்படியே இருந்துச்சு, மனுஷன் இறங்கி நடந்து வந்தாரு. அதோட வாயெல்லாம் அடங்குச்சு. அப்புறம் 1992ல ரோட்ல ஓடுற காடிக்கே கார்பன் தொட்டி வச்சு எஃப்1னு ஒரு மாடல் விட்டாங்க, மொத்தம் 106தான் செஞ்சாங்க, அதோட ரேஸ் மாடல் 1995ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்சுது. நம்ம செப்பாங் ரேஸ் டிராக்ல 2003ல கிமி ராய்க்கோனன் முதல் முதல்ல ஃபார்முலா ஒன் ரேஸ் ஜெயிச்சதும் மெக்லாரன்லதான்.

அந்தத் தொட்டி துரு பிடிக்காது, 4,000 கிமீயோ 40,000 கிமீயோ அதுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது. அடி பட்டிருக்கான்னு மட்டும் விவரம் தெரிஞ்ச ஆள வச்சுப் பாக்கணும், உள்ள அடுக்கு பிரிஞ்சிருந்தா வெளிய பெயிண்ட் சிரிச்சுக்கிட்டே இருக்கும். மத்தபடி வயசாகுறதெல்லாம் ரப்பர், எண்ணெய், காத்து. காத்துன்னா சஸ்பென்ஷன்ல இருக்குற நைட்ரஜன், இந்தக் காடில இடது வலது டேம்பர்கள, அதான் குலுக்கல அடக்குற ஷாக்குகள, குறுக்குக் கம்பிக்குப் பதிலா எண்ணெய்க் குழாயால இணைச்சு, நைட்ரஜன் அடைச்ச குண்டுகள் மேல தாங்க விட்டிருக்காங்க. நடுவுல இருக்குறது ஒரு ரப்பர் சவ்வு. பலூன் தானா இளைக்கிற மாதிரி அதுவழியா காத்து கசியத்தான் செய்யும், ஓட்டுனாலும் ஓட்டாட்டியும்.

கடைசியா பிரேக் எண்ணெய். அது காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுற சாதி, கோலாலம்பூர் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா. டாட் 4ங்கிற ரகத்து எண்ணெய் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காதுன்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா 155 போதும். கெந்திங் மலையிலேர்ந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கும்போது எண்ணெய் கொதிச்சு ஆவியாச்சுன்னா, ஆவி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும், செராமிக் டிஸ்க்கு எவ்ளோ நல்லா இருந்தாலும் மிதிக்கிற காலுக்குப் பதில் வராது.

பையில ஈரம் பாக்குற பேனா இருந்துச்சு, அறுபது வெள்ளி சாமான். பிரேக் எண்ணெய் மூடியத் திறக்கச் சொன்னா சேல்ஸ்மேன் யோசிக்கிறான், அண்ணன் ஒரு பார்வை பாத்ததும் திறந்தான். முனைய உள்ள விட்டேன். பேனா லைட்டு பச்சை, மஞ்சள், அப்புறம் சிவப்பு.

அண்ணன் தொட்டிலேர்ந்து வெளிய வர ரெண்டு பேர் கை குடுக்க வேண்டியதாப் போச்சு. வந்ததும் சேல்ஸ்மேன் தோள்ல கை போட்டுக்கிட்டு, "தம்பி, அந்தக் கால்குலேட்டர எடு"ன்னாரு.