பப் என்னும் பலர்புகுமனை

ஆங்கிலேயர் கூடி மது அருந்தும் இடத்தின் பெயரான 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்னும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். 17ஆம் நூற்றாண்டில் வழங்கிய அத்தொடருக்கு யாரும் நுழையத்தக்க வீடு என்பதே நேர்ப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் பேச்சுவழக்கு அதைப் பப் என்று சுருக்கியது. அச்சொற்கள் இரண்டிலும் பொதுமையும் மனையும் இருக்கின்றனவே அன்றி, மது இல்லை.

அதற்கு முன்பு, பார்லியில் வடித்த 'ஏல்' விற்ற இடம் 'ஏல்ஹவுஸ்' என்றும், திராட்சை மது விற்ற இடம் 'டேவர்ன்' என்றும், வழிப்போக்கருக்குப் படுக்கையும் தந்த இடம் 'இன்' என்றும் பிரித்துச் சொல்லப்பட்டன. இம்மூன்றையும் பப் தன்னுள் வாங்கிக்கொண்ட பின்னும் பழைய பெயர்கள் பலகைகளில் தங்கிவிட்டன. கார்ன்வாலில், ஊரார் 'மௌசல்' என்று ஒலிக்கும் மீனவச் சிற்றூரின் துறைமுக விளிம்பில் நிற்கும் 'ஷிப் இன்' அத்தகையது. 1981 டிசம்பர் 19 அன்று, புயலில் சிக்கிய கப்பலில் இருந்தோரைக் காக்க 'சாலமன் பிரவுன்' என்னும் உயிர்காப்புப் படகில் சென்று திரும்பாத எட்டுத் தன்னார்வலருள் இந்தப் பப்பை நடத்தியவரும் ஒருவர். ஆண்டுதோறும் அந்நாளில் துறைமுகத்தின் கிறிஸ்துமஸ் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்துவைக்கிறார்கள். பப் நடத்துபவரை ஆங்கிலேயர் இன்றும் 'லேண்ட்லார்ட்', அதாவது வீட்டுக்காரர், என்றே அழைப்பதன் பொருள் இங்கே விளங்குகிறது.

இந்தப் பப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? தமிழில் வழங்கும் மதுக்கடை, மதுக்கூடம் ஆகியவை சரக்கைச் சுட்டுகின்றனவே தவிர வீட்டைச் சுட்டவில்லை. மதுவிடுதி என்பது அறைகளும் உள்ள 'இன்' என்பதற்கே பொருந்தும். ஈழத்தமிழில் வழங்கும் 'தவறணை' போர்த்துக்கேயரின் 'தவெர்னா' வழி வந்தது. டேவர்னுக்கு உறவான அச்சொல் அழகியதுதான், ஆனால் அதுவும் கடையையே குறிக்கிறது.

நேரான சொல் பட்டினப்பாலையில் கிடைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளைச் சொல்லுமிடத்தில், மீனும் இறைச்சியும் பொரியும் ஒலி எழும் முற்றத்தை அடுத்து, 'பலர்புகு மனைப் பலிப்புதவின் நறவு நொடைக் கொடி' வருகிறது. பலரும் புகும் மனையின் வாயிலில், கள் விற்பதை அறிவிக்கும் கொடி அது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமையாது. அதுவும் ஒரு துறைமுக ஊரிலேயே வழங்கியிருக்கிறது. ஆகவே பப் என்பதைப் 'பலர்புகுமனை' என்று ஒருசொல்லாகச் சேர்த்து எழுதலாம். பேச்சுக்கு நீளம் என்போர் 'பொதுமனை' என்று சுருக்கிக்கொள்ளலாம்.