முதல் போன் யாருக்கு?

"போலீஸ் என்னைக்கு சார் நேரத்துக்கு வந்திருக்கு?"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கேள்வி. போன வாரம் இதைக் கேட்டவர், வீட்டுக்கு வந்த திருடனிடம் அடிபட்டு, தலையில் தையலோடு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அடிபட்ட மனிதரிடம் என்ன வாதாடுவது என்று பேசாமல் வந்துவிட்டேன். வருவதற்கு முன்னால் அவருடைய செல்போனை மட்டும் வாங்கி, திருடன் வந்த ராத்திரி அவர் பண்ணின போன் கால்களைப் பார்த்தேன். போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

2.07-க்கு பெங்களூரில் இருக்கும் மகனுக்கு ஒரு கால். எடுக்கவில்லை. 2.08-க்கு மறுபடியும் மகன். 2.11-க்கு வில்லாபுரத்து மச்சினர். 2.13-க்கு குடியிருப்போர் சங்கச் செயலாளர். 2.16-க்கு நான். 100-ம் இல்லை, 112-ம் இல்லை, கடைசிவரைக்கும். நான் அவரிடம் பேசி முடித்து 100-க்கு அடித்தது 2.18. நத்தம் ரோட்டை ஒட்டிய அந்த பிளாட் ஏரியாவுக்குள் ரோந்து வண்டி நுழைந்து, தெருவைக் கண்டுபிடித்து, வாசலில் நின்றது 2.31. எங்கள் கணக்கில் பதிமூன்று நிமிஷம். அவர் கணக்கில் அரை மணி நேரம், ஏனென்றால் பின்கட்டு கிரில்லை யாரோ நெம்புகிற சத்தம் கேட்டதிலிருந்து அவர் எண்ணுகிறார். நடுவில் மகனும் மச்சினரும் செயலாளரும் தின்ற நேரத்தையும் போலீஸ் தலையில் எழுதிவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? பணியில் இருக்கிறவனிடம் மைக் இருக்கும், வண்டி இருக்கும், பக்கத்தில் ரெண்டு ஆள் இருப்பார்கள். ரிட்டயரானவனிடம் லுங்கியும் டார்ச்சும்தான் இருக்கிறது. தெரிந்த ஏட்டையா, தெரிந்த இன்ஸ்பெக்டர், கவுன்சிலர், வக்கீல் என்று நம்பர் சேர்த்து வைத்திருப்பவர்கள்தான் எப்போதும் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள். யாரையும் தெரியாதவன் நேரே 100 அடித்துவிடுகிறான்.

பதிமூன்று நிமிஷம் சின்ன நேரம் என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரணத் தாழ்ப்பாளை நெம்பித் திறக்க அதில் கால்வாசி போதும். ஆனால் இதைவிடச் சீக்கிரம் வந்துவிடுவோம் என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ரோந்து வண்டி பார்க்க வேண்டிய எல்லை பெரிது. நீங்கள் கூப்பிடுகிற நேரத்தில் அது ரிங் ரோட்டில் விபத்தான காரை ஓரம் கட்டிக்கொண்டிருக்கலாம். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு பந்தோபஸ்துக்குப் போகிற ஆட்கள் ஸ்டேஷன்களில் இருந்துதான் போகிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம்வரை சைக்கிள்கூட நுழையாது. வண்டி எப்படி நுழையும்? இதெல்லாம் உங்களுக்குத் தெரிவதைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும். வண்டி வரும்வரை நாம் தனி என்று நினைத்துத்தான் வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2.16-க்கு அவரிடம் நான் சொன்னது: "கதவத் திறக்காதீங்க. ரெண்டு பேரும் ரூமுக்குள்ள போய்த் தாழ் போடுங்க. 100 அடிங்க." அவர் சொன்னது: "சரிங்க சார், ஒரு எட்டு பாத்துட்டு அடிக்கிறேன்."

இந்த ஒரு எட்டு பார்க்கிற வியாதி மதுரையில் எல்லாருக்கும் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. பூனையாக இருந்தால் என்ன செய்வது, போலீஸைக் கூப்பிட்டு ஒன்றுமில்லை என்றால் அசிங்கமாகப் போய்விடுமே, கேஸ் போட்டுவிடுவார்களோ என்று ஆளாளுக்கு ஒரு பயம். இதற்கு நூறு தடவை பதில் சொல்லியாகிவிட்டது, இன்னொரு தடவையும் சொல்கிறேன். சந்தேகத்துக்குத்தான் 100. பூனை என்றால் பூனை. வண்டி வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ரோந்து நோட்டான பட்டா புக்கில் எழுதிவிட்டுப் போகும். விளையாட்டுக்குப் பொய்யாகக் கூப்பிடுவது வேறு. நிஜமாகவே பயந்து கூப்பிட்டவர் மேல் ஒரு நடவடிக்கையும் வராது. உறுதிப்படுத்துவது எங்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம். நீங்கள் உறுதிப்படுத்தப் போனால் என்ன ஆகும்? வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறீர்கள். அவன் கண் இருட்டுக்குப் பழகியிருக்கிறது, உங்கள் கண் பழகவில்லை. உங்கள் கையில் இருப்பது டார்ச். அவன் கையில் இருப்பது கடப்பாரை. அதுவும் பெரும்பாலும் உங்கள் வீட்டுத் தென்னைமரத்தடியில் நீங்கள் போட்டு வைத்ததுதான். பின்கதவைத் திறந்த நொடியில், அவன் ஓடுகிற வழியில் நீங்கள் நிற்கிறீர்கள். வழி கிடைத்தால் அவன் போய்விடுவான். வழியில் ஆள் நின்றால் அடித்துவிட்டுப் போவான். அவரும் வழியில்தான் நின்றார்.

பொருள் போனால் மீட்கப் பார்க்கலாம். சில சமயம் நகை உருக்கின கட்டியாகத் திரும்பி வரும், சில சமயம் வராது. மண்டை உடைந்தால் குற்றப்பிரிவு என்ன செய்ய முடியும்?

போன் அடிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 100 அடித்தாலும் 112 அடித்தாலும் எடுப்பது உங்கள் தெருமுனை ஸ்டேஷன் இல்லை. சென்னையில் உள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் எடுப்பார்கள். அங்கிருந்து மதுரைக்குத் தகவல் வந்து, இங்கிருந்து வண்டிக்குப் போகும். எடுத்த பிள்ளைக்கு ஐயர் பங்களா ஸ்டாப்பும் தெரியாது, "ரேஷன் கடைக்குப் பின்னாடி மஞ்ச பெயிண்ட் வீடு" என்றாலும் புரியாது. முதல் வார்த்தை "மதுரை". அடுத்தது ஏரியா. அப்புறம் நகர், தெரு, கதவு எண், மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது. அதற்குப் பிறகு சொல்லுங்கள், திருடன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று. நிறையப் பேர் கதையை முதலில் சொல்லி, விலாசத்துக்கு வருவதற்குள் பதற்றத்தில் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். பேச முடியாத நிலையில் இருந்தாலும் லைனைத் துண்டிக்காதீர்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுங்கள். தெரியாத நம்பர் என்று கட் பண்ணின மகராசர்களும் உண்டு.

புது பிளாட் ஏரியாக்களில் இன்னொரு கூத்து. ஊமச்சிகுளம், திருப்பாலை, கடச்சனேந்தல் பக்கம் மூலைக்கு மூலை ஒரு பாரதி நகர். ஒவ்வொன்றிலும் மூன்றாவது குறுக்குத் தெரு. சங்கத்தார் ஆர்ச் கட்ட லட்சக்கணக்கில் வசூலிக்கிறார்கள், தெருவுக்கு ஒரு பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள். இருக்கிற பலகையிலும் காதணி விழா போஸ்டர். அன்று ராத்திரி வண்டி முதலில் நுழைந்தது பக்கத்து நகரின் மூன்றாவது குறுக்குத் தெருவில்தான். பதிமூன்றில் நான்கு நிமிஷம் அதிலேயே போனது. கேட்டில் கதவு எண்ணை உள்ளங்கை அகலத்துக்காவது எழுதுங்கள். சொல்லப்போனால் சிசிடிவி கேமராவைவிட ராத்திரியில் எங்களுக்கு அதுதான் உதவும்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ராத்திரி எழுந்து கதவைத் திறந்தால் திறக்கவில்லை, வெளியே தாழ் போட்டிருக்கிறது என்றால் அதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் புகுவதற்கு முன்னால் சுற்றுவட்ட வீடுகளை வெளியே தாழிட்டுவிட்டுத்தான் போவார்கள். தட்டிக் கூச்சல் போடாமல் உடனே 100. அடுத்தது கரண்ட். தெருவிளக்கு எரிகிறது, எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, உங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் நின்றுவிட்டது. வெளியே இருக்கிற மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போகாதீர்கள். மெயினை இறக்கினவன் அங்கேயே நிற்கலாம். 100 அடித்துவிட்டு உள்ளேயே இருங்கள். புழுங்கினால் புழுங்கட்டும், விசிறிக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது. எல்லாரும் செய்வது என்ன? ஓடிப்போய் பீரோவைத் திறப்பது. அவன் இன்னும் உள்ளே இருந்தால்? இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பீரோக் கைப்பிடியில் அவன் விட்டுப்போன ரேகை மேல் உங்கள் ரேகை, உங்கள் தங்கச்சி ரேகை, துக்கம் விசாரிக்க வந்த தெருவே கை வைத்த ரேகை. கைரேகை நிபுணர் பவுடரைத் தூவிவிட்டு எங்களைப் பார்ப்பார். ஒரு வீட்டில் மிளகாய்ப்பொடி கொட்டிக் கிடக்கிறது என்று பாட்டி சுத்தமாகக் கூட்டித் துடைத்து, வாசலில் கோலமும் போட்டு வைத்திருந்தார். மோப்ப நாய் கோலத்தைச் சுற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டது. வெளியிலேயே நில்லுங்கள், அங்கிருந்தே போன் அடியுங்கள்.

வண்டி வந்த பிறகும் கவனம் வேண்டும். இறங்குகிற காவலருக்கு வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்று நெற்றியில் எழுதியிருக்காது. இருட்டில் லுங்கியை மடித்துக் கட்டி அரிவாளோடு ஒருவர் ஓடி வந்தால் அவர் என்ன நினைப்பார்? கையில் இருப்பதைக் கீழே போடுங்கள், வாசல் விளக்கைப் போடுங்கள், அப்புறம் வெளியே வாருங்கள். சைரன் போடாமல் ஏன் வந்தீர்கள் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் உள்ளே மாட்டியிருந்தால் சைரனோடுதான் போவோம், திருடன் ஓடினால் போதும் என்று. ஆளில்லாத வீடு என்றால் சத்தமில்லாமல் போய் வளைக்கப் பார்ப்போம். நான் ரோந்தில் இருந்தவரை அப்படித்தான் செய்தேன்.

"அப்ப அடிச்சா வாங்கிக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றித்தான் இருக்கின்றன. அறைக் கதவையும் உடைத்து உள்ளே வந்துவிட்டான் என்றால் உயிரைக் காத்துக்கொள்ள எதைச் செய்ய வேண்டுமோ செய்யுங்கள். ராத்திரியில் வீடு உடைத்துப் புகுவதை 41-வது பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கிற உரிமை எதிலும் இல்லை. பிடித்தவனை ஈ.பி. கம்பத்தில் கட்டி வைத்துத் தெருவே சேர்ந்து அடித்து, அவன் செத்துப்போனால், கொலைக் கேஸில் உங்கள் தெருப் பையன்கள் நிற்பார்கள். பிடித்தால் உட்கார வையுங்கள், உடனே ஒப்படையுங்கள். எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 40-வது பிரிவு.

வடநாட்டு ஆள், பழைய துணிக்காரர், பெட்ஷீட் விற்கிறவர் என்று முகத்தைப் பார்த்து அடிக்கிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். பிறந்த சாதியை வைத்தே ஆளைத் திருடன் என்று முத்திரை குத்தின ரேகைச் சட்டத்தை (குற்றப் பரம்பரைச் சட்டம்) எதிர்த்து, 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தவர்களின் ஜில்லா இது. சுட்டது எங்கள் டிபார்ட்மெண்ட்தான். அடுத்தவனை அதே கண்ணால் பார்க்க இந்த ஊருக்காவது வெட்கமாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். மாநகரப் போலீஸ் எல்லையும் மாவட்டப் போலீஸ் எல்லையும் சில இடங்களில் ஒரே தெருவின் இரண்டு பக்கமாக இருக்கிறது. "இது எங்க லிமிட் இல்லை, அங்க போங்க" என்று அலையவிடுகிற ஸ்டேஷன்கள் இன்னும் உண்டு. அப்படிச் சொன்னால் பி.என்.எஸ்.எஸ். 173 என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எல்லை எதுவானாலும் தகவலை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். மாற்றிக்கொள்வது அவர்கள் வேலை.

கடைசியாக வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவை இங்கே தனியாக விட்டிருக்கிறீர்கள், தப்பில்லை. ராத்திரி ஏதாவது என்றால் முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் பெங்களூரிலிருந்து என்ன செய்யப் போகிறீர்கள்? 2022-ல் வந்த காவல் உதவி செயலியை அவர்கள் போனில் ஏற்றி, அவசரப் பொத்தான் எது என்று காட்டிக் கொடுங்கள். இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். பட்டன் போன் வைத்திருந்தால் பெரும்பாலானவற்றில் 5-ஐயோ 9-ஐயோ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும், எது என்று போனைப் பார்த்துச் சொல்லிக் கொடுங்கள். படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்று போடச் சொல்லுங்கள். வாசல் கதவுக்குச் செலவழிக்கிறோம், உள்கதவுக்கு யாரும் செலவழிப்பதில்லை. சார்ஜரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், கூடத்தில் டி.வி.க்குக் கீழே வேண்டாம். "மதுரை" என்று தொடங்கி முழு விலாசத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சொந்த வீட்டு விலாசம் எதற்கு என்று அப்பா சத்தம் போடுவார். போடட்டும், ஒட்டிவிட்டு வாருங்கள்.