மைக் இல்லாம கடைசி ஆளுக்கு எப்படி கேக்குது?

வியன்னாவுக்கு வேலைக்கு வந்து ரெண்டாவது குளிர்காலத்துல தான் மைக் இல்லாம ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற முசிக்ஃபெராயின்ங்கிற கச்சேரி ஹாலுக்குள்ள கால் வச்சேன், அதுவும் பின்னாடி நின்னுகிட்டே கேக்குற டிக்கெட்டுல. கச்சேரி முடிஞ்சு வெளிய வந்து பாம்பனுக்கு போன போட்டு அப்பாகிட்ட சொன்னா அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஏப்பு, மைக்கே கிடையாதா? அப்ப கடைசில நிக்கிறவனுக்கு என்ன கேக்கும்?"

நியாயமான கேள்வி தான். நம்ம தென்கரையில நின்னு படகுக்காரன கூப்பிட்டுப் பாருங்க, சத்தம் நாலா பக்கமும் பிரிஞ்சு போயிடும், தூரம் ரெண்டு மடங்கானா பலம் கால்வாசியா குறையும். அதுலயும் கச்சான் காத்து அடிக்கிறப்ப அதுக்கு எதிரா கத்துனா சுத்தமா கேக்காது. காத்து சத்தத்த அள்ளிக்கிட்டு போறதா நாம நினைக்கிறோம், விஷயம் அது இல்ல, தண்ணி மட்டத்துல காத்து மெதுவாவும் மேல போகப் போக வேகமாவும் அடிக்கிறதால எதிர்த்துப் போற சத்தம் அப்படியே மேல வளைஞ்சு படகுக்காரன் தலைக்கு மேல போயிடுது. நாதஸ்வரம் அவ்வளவு உரக்க இருக்கறதுக்கும் இந்த வெட்டவெளி தான் காரணம்னு நான் நினைக்கிறேன். வயலினுக்கு அந்த தொண்டை கிடையாது, அதுக்கு சுவரு வேணும்.

1870ல திறந்த இந்த ஹால் ஒரு நீளமான பெட்டி மாதிரி இருக்கும், நீளம் கிட்டத்தட்ட 49 மீட்டர், அகலம் வெறும் 19. சூட்சுமமே அந்த ஒடுக்கத்துல தான் இருக்கு. மேடையிலருந்து 15 மீட்டர் தள்ளி நடுவுல உக்காந்திருக்கீங்கன்னு வைங்க, வயலின் சத்தம் நேரா வர்றது ஒண்ணு, பக்கச் சுவத்துல பட்டு வர்றது சுமார் 24 மீட்டர் சுத்தி வருது. சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் ஓடுறதால ரெண்டுக்கும் நடுவுல செகண்டுல நாப்பதுல ஒரு பங்கு மாதிரி தான் இடைவெளி. அவ்வளவு சின்ன இடைவெளிய நம்ம காது எதிரொலின்னு எடுத்துக்காது, முதல் சத்தத்தோட சேத்து ஒரே சத்தமா, இன்னும் கொஞ்சம் பலமா எடுத்துக்கும். ரெண்டு பக்கத்துலருந்தும் வர்றதால இசைக்குள்ளயே நிக்கிற மாதிரி இருக்கும், எனக்கு கழுத்துக்குப் பின்னாடி புல்லரிச்சுடுச்சு. அங்க இருக்குற தங்கப் பூச்சு சிலை, பால்கனி எல்லாம் அழகுக்கு வச்சதுன்னாலும் சத்தத்த செதறடிச்சு பரப்புற வேலையையும் பாக்குது.

அதுக்காக சுவர் இருந்தா போதும்னு இல்ல. ராமேஸ்வரம் மூணாம் பிரகாரத்துல கூட்டமில்லாதப்ப கைய தட்டிப் பாருங்க, கல்லு சத்தத்த உறிஞ்சாது, இழுத்துக்கிட்டே போகும். அங்க வேகமா வயலின் வாசிச்சா ஒரு சுரம் அடங்குறதுக்குள்ள அடுத்தது ஏறி எல்லாம் கூழாயிடும். நம்மூரு கிரானைட் போட்ட கல்யாண மண்டபத்துல மைக்ல பேசுறது ஒண்ணும் புரியாம போறதும் இதே கதை தான்.

சத்தம் இப்படி இழுக்குறத முதல்ல கணக்கு போட்டு பிடிச்சவர் ஹார்வர்டுல இருந்த வாலஸ் சபைன். 1895ல அங்க ஒரு லெக்சர் ஹால்ல பேசுனா சத்தம் அஞ்சரை செகண்ட் இழுக்குது, ஒருத்தருக்கும் ஒண்ணும் விளங்கல. மனுஷன் ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர்லருந்து சீட் மெத்தைகள தூக்கிட்டு வந்து அடுக்கி, ஆர்கன் வாத்தியத்தோட குழாய் ஒண்ண ஊதவிட்டு நிறுத்தி சத்தம் அடங்குற நேரத்த அளந்தாரு. ஹால் பெருசானா நேரம் கூடும், மெத்தை, துணி, ஆளு மாதிரி உறிஞ்சுற பொருள் கூடுனா குறையும், இவ்வளவு தான் சூத்திரம். 1900ல திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால அத வச்சு தான் கட்டுனாங்க. ஆர்கெஸ்ட்ராவுக்கு ரெண்டு செகண்ட் ஒட்டி இருந்தா பதம்.

இத்தனையும் போன்ல சொல்லி முடிச்சதும் அப்பா, "அப்ப கூட்டம் வரலைன்னா?"ன்னாரு. கரெக்டா பிடிச்சுட்டாரு. முசிக்ஃபெராயின் நிறைஞ்சிருந்தா ரெண்டு செகண்ட், காலியா கிடந்தா மூணு செகண்ட் இழுக்கும், ஏன்னா அங்க சத்தத்த உறிஞ்சுறதுல பெரும்பங்கு நாம போட்டிருக்குற துணியும் நம்ம உடம்பும் தான். டிக்கெட் எடுத்து நின்ன நானும் அன்னைக்கு ஒரு மெத்தை.