ரூம்மேட் பாதியில் போனால் வாடகை யார் தலையில்?

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்கள் பெரும்பாலானவற்றில் விடுதி இல்லை. கலிபோர்னியாவின் கூபர்டினோ நகரில் உள்ள டி ஆன்சா கல்லூரி வளாகத்திலும் இல்லை. குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று வருகிற பிள்ளைகள், அந்தப் பகுதி வாடகையைக் கேட்டதும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்துதான் வீடு பிடிக்கிறார்கள். கலிபோர்னியாவில் வாடகைத் தகராறுகளைக் கவனிக்கும் வக்கீல் நான். இவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் கோடையில்.

டி ஆன்சாவில் படிப்பு செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் கடைசியில் முடிகிறது. லீஸோ, அதாவது மாத வாடகை ஒப்பந்தம், 12 மாதம். ஜூனில் ஒருவன் வேறு ஊருக்கு மாறிப் போய்விடுவான். மிச்சம் இருப்பவர்கள் தங்கள் பங்கை ஒழுங்காகக் கட்டுவார்கள். ஆனாலும் கதவில் நோட்டீஸ் வரும்: மூன்று நாளில் பாக்கியைக் கட்டு, இல்லையென்றால் காலி செய். (சனி, ஞாயிறு, நீதிமன்ற விடுமுறைகள் அந்த மூன்று நாளில் சேராது.)

“எங்க பங்கைத்தான் கட்டிட்டோமே மேடம்” என்பார்கள். ஒரே லீஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற வரி அநேகமாக அதில் இருக்கும். முழு வாடகையையும் யாரிடம் வேண்டுமானாலும் உரிமையாளர் கேட்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்பது உங்களுக்குள் பேசிக்கொண்டது. அவரை அது கட்டுப்படுத்தாது.

அதனால் பாக்கியை முதலில் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் போனவன் மீது சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். அங்கே என்னைப் போன்ற வக்கீல்களுக்கு வேலை கிடையாது, உங்கள் வழக்கை நீங்களேதான் பேச வேண்டும். யார் எவ்வளவு, யார் எந்த மாதம் வரை என்று குடியேறும்போதே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால் நீதிபதிக்குக் காட்ட ஏதாவது இருக்கும். பெரும்பாலானவர்கள் கொண்டுவருவது வாட்ஸ்அப் உரையாடல்தான். அதுவும் சாட்சிதான், அழித்துவிடாதீர்கள்.

ஜூனில் போவது முன்பே தெரிந்தால் ஒன்பது மாத லீஸ் கேட்டுப் பாருங்கள். மாத வாடகை சற்றுக் கூடலாம், ஆனாலும் காலி அறைக்கு மூன்று மாதம் கட்டுவதைவிட மேல். நடுவில் போகிறவர் மாற்று ஆளைக் கொண்டுவந்து விட்டால் மட்டும் போதாது. தன் பெயரை லீஸிலிருந்து நீக்கியதாக உரிமையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

டெபாசிட் விஷயத்தில் சட்டம் இப்போது கொஞ்சம் கருணையானது. 2024 ஜூலை முதல் பெரும்பாலான உரிமையாளர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு மட்டும் இரண்டு மாத வாடகை வரை கேட்க விலக்கு உண்டு. காலி செய்த 21 நாளுக்குள் மீதியைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். ஆனால் அந்த 21 நாள், வழக்கமாக எல்லோரும் காலி செய்த பிறகுதான் தொடங்கும். முதலில் கிளம்புகிறவர் தன் பங்கைப் புதிதாக வருகிறவரிடமே வாங்கிக்கொண்டு, அதையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.