பாத்தனுங்க, ஆனா தெரியலீங்க

கோபாலபுரம் கேரளா பார்டர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு கண் கிளினிக்ல ஆப்டோமெட்ரிஸ்டா இருக்கேன். பாதி பேஷண்ட் பொள்ளாச்சி பக்கம், மீதி கொழிஞ்சாம்பாறை, நாட்டுக்கல், சித்தூர்னு அந்தாண்ட இருந்து வர்றவங்க, ரேஷன் கார்டு மலையாளத்துல இருக்கும், வாயத் தொறந்தா நம்ம கோயமுத்தூர் பேச்சு.

போன மாசம் தேங்கா லோடு ஓட்டற அண்ணன் ஒருத்தர் வந்தாரு. தோப்புக்குள்ள இருந்து மெயின் ரோட்டுக்கு வண்டிய ஏத்தறப்ப ஒரு பைக்க தட்டிட்டாராம், நல்லவேளை முட்டி சிராய்ப்போட போச்சு, ஆனா ஓனரு கண்ண செக் பண்ணிட்டு வா அப்பறம்தான் சாவின்னு சொல்லிட்டாரு. "சாமி சத்தியமா அந்தப் பக்கம் பாத்தனுங்க, ஆனா பைக்கு தெரியலீங்க"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாரு. டெஸ்ட் பண்ணா ரெண்டு கண்ணும் 6/6, பக்கப் பார்வை கிளியர், பவர் எழுத ஒண்ணுமே இல்ல. கூட வந்த பையன் சிரிக்கறான், அண்ணன் பொய் சொல்றாருன்னு. எனக்கு அப்படித் தோணல.

வீட்ல தினசரி காலண்டர் இருக்கும்ல, பெருசா போட்டிருக்கற தேதி மேல கண்ண அசையாம வைங்க. இப்ப கண்ண நகத்தாம ஓரத்துல இருக்கற ராகு காலத்து மேல கவனத்த மட்டும் கொண்டு போங்க. எழுத்து தெரியாது, ஏன்னா கூர்மையா பாக்கற இடம் கைய நீட்டிப் பிடிச்சா கட்டைவிரல் அகலந்தான். ஆனா அந்த மூலைல ஒரு எறும்பு ஊர்ந்தா டக்குனு தெரியும். கண்ணு ஒரு இடம், கவனம் வேற இடம். 19ம் நூற்றாண்டுலயே ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இத சோதிச்சுக் காட்டிட்டாரு.

கவனம் எப்படி எடம் மாறுது? இங்கதான் மூளையோட தாளம் வருது. ஜெர்மனில ஹான்ஸ் பெர்கர்னு ஒரு மனநல டாக்டர், 1924ல மனுசன் தலைல ஒயர் வெச்சு மூளையோட மின்சாரத்த பதிவு பண்ணாரு, அஞ்சு வருசம் யார்கிட்டயும் காட்டாம வெச்சிருந்து 1929லதான் வெளியிட்டாரு. நொடிக்கு சுமார் 10 தடவை ஏறி இறங்கற அலை, பேரு ஆல்பா. கண்ண மூடினா பின்னந்தலைல பெருசா வரும், தொறந்தா அமுங்கிடும். ரொம்ப நாளா இத மூளை ரெஸ்ட் எடுக்கற அலைன்னே நெனச்சாங்க. அப்பறம் பாத்தா, இடது பக்கம் கவனிக்கச் சொன்னா வலது பின்மூளைல (இடது பக்கக் காட்சி அங்கதான் போகுது) ஆல்பா குறையுது, எதிர்ப்பக்கம் ஏறுது. வேண்டாத பக்கத்த அமுக்கி வெக்கற வேலை இதுன்னு பலரும் இப்ப சொல்றாங்க. நம்மூர் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா செக்போஸ்ட் கட்டை மாதிரி, ஒரு லேன்ல தூக்கினா இன்னொரு லேன்ல எறங்கும்.

இன்னொண்ணு தீட்டா, இன்னும் மெதுவான தாளம். 2018ல குரங்குகளையும், வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள்ள மின்முனை வெச்சிருந்த பேஷண்ட்டுகளையும் வெச்சு பிரின்ஸ்டன், பெர்க்லி ஆராய்ச்சியாளருங்க ஒண்ணு சொன்னாங்க: நாம ஒரே இடத்த உத்துப் பாக்கறதா நெனச்சாலும் கவனம் ஒரே சீரா இல்ல, நொடிக்கு நாலு தடவை மாதிரி இறுகித் தளருது. இறுகற நேரம் அந்த இடம் பளிச்சுனு தெரியும், தளர்ற நேரம் வேற எங்கயாச்சும் தாவ வழி கெடைக்கும். ஆடு மேயறத பாத்திருப்பீங்க, ரெண்டு கடி கடிக்கும், தலையத் தூக்கி சுத்திப் பாக்கும், மறுபடி குனியும், நாய் வருதான்னு பாக்காம மேஞ்சா அது ஆடா இருக்காது. இதுல எல்லாரும் ஒத்துப்போகல, இந்த மாதிரி தாளத்த கண்டுபிடிக்கக் கணக்கு போடற விதமே சரியில்லன்னு 2022ல ஒரு பேப்பர் வந்துச்சு, சண்டை ஓடிட்டுதான் இருக்கு.

ஆனா ரோட்டுக் கணக்குல சண்டை இல்ல. 60ல வர்ற பைக்கு கால் நொடில 4 மீட்டர் வந்துரும். கண்ணு வேற தாவித்தாவிதான் நகரும், தாவற நேரம் மூளை காட்சிய அடக்கி வெச்சிரும். வெடுக்குனு ஒரு தடவை தலையத் திருப்பினா ரெண்டு தாவலுக்கு நடுவுல ஒரு பைக்கு காணாமப் போறது நடக்கற காரியந்தான். அண்ணன்கிட்ட இதத்தான் சொன்னேன், வலது, இடது, மறுபடி வலது, ஒவ்வொரு பக்கமும் கண்ண நிறுத்திப் பாருங்க, போன் பேசிட்டு பாக்காதீங்க. ராத்திரி வாளையாறு தாண்டி ஓட்டறவங்களுக்கு இன்னொண்ணு, தூக்கம் சொக்கறப்ப கண்ணு தொறந்திருந்தாலே ஆல்பா எட்டிப் பாக்க ஆரம்பிக்கும், அதுக்கு கட்டஞ்சாயா மட்டும் பத்தாது, ஓரங்கட்டி 20 நிமிசம் தூங்குங்க.

இந்த அலை பேரச் சொல்லியே காசு பாக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு. கண்ணக் கட்டிட்டு படிக்க வெக்கறோம், நடுமூளைய ஆக்டிவேட் பண்றோம்னு. அப்படி ஒரு கிளாஸ் போற பாப்பாவ அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. கண்கட்டுக்கு அடில மூக்கோரமா எட்டிப் பாக்கற இடுக்குல பஞ்ச வெச்சு அடைச்சேன், அவ்வளவுதான், ஒரு எழுத்து வரல, கொழந்த அழுதுருச்சு, எனக்குத்தான் சங்கடமாப் போச்சு. கண்ண எந்தப் பக்கம் திருப்பணும்னு பாக்கற சுப்பீரியர் காலிகுலஸ் இருக்கறதே நடுமூளைலதாங்க, அது பொறந்ததுல இருந்து வேலை செஞ்சுட்டுதான் இருக்கு.

உண்மைல கவனிக்க வேண்டியது வேற. கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அப்பிச்சி, பக்கவாதம் வந்து மூணு மாசம், இடது கண்ணு போச்சுன்னு வீட்ல ரெண்டு தடவை கண்ணாடி மாத்தியாச்சு. எலைல உப்பு வெச்சிருந்தும் "உப்பு எங்கடி"ன்னு தெனமும் அம்மிச்சிகூட சண்டையாம். நான் இடது பக்கம் மட்டும் விரல ஆட்டினா சரியாச் சொல்றாரு, ரெண்டு பக்கமும் சேத்து ஆட்டினா வலது மட்டும்னு சொல்றாரு. கண்ணுல கோளாறே இல்ல, வலது மூளை அடிபட்டதால கவனம் இடது பக்கம் போக மாட்டேங்குது. உப்பு வெக்கறது எலையோட இடது மூலைல. நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினேன்.

போன வாரம் பேத்தி வந்து சொல்லுது, உப்ப இப்ப வலது பக்கம் வெச்சிடறாங்களாம், அவருக்குப் புடிச்ச மாங்கா ஊறுகாய மட்டும் வேணும்னே இடது ஓரத்துல ஒரு செவப்பு டேப் ஒட்டி அதுக்குப் பக்கத்துல வெக்கறாங்களாம், தேடட்டும்னு. ரெண்டு நாள் திட்டினாராம், மூணாவது நாள் கண்டுபிடிச்சுட்டாராம்.