எல்லை தாண்டும் மதிப்பெண்

ஜெர்மனியின் பள்ளியிறுதித் தேர்வான அபிட்டூரில் ஒரு மாணவி 1 என்ற தரத்தைப் பெற்றால், அவளுடைய விடைகள் மிகச் சிறப்பானவை என்று பொருள். தென் கொரியாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சுனுங்கில், கணிதத்தில் 1 ஆம் தரம் பெற்ற மாணவி, அவ்வாண்டு அப்பாடத்தை எழுதியவர்களுள் ஏறத்தாழ முதல் 4 விழுக்காட்டினரில் ஒருத்தியாக இருக்கிறாள். இங்கிலாந்தில் 16 வயதினர் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் 1 என்பது, 9 வரை ஏறிச் செல்லும் படிகளில் மிகக் கீழே உள்ளது. மூன்று சான்றிதழ்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரே எண் தெரியும். ஆனால் அந்த எண்கள் மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகள். நாடுகளின் தேர்வுகளை ஒப்பிட விரும்புகிறவர், எந்த நாட்டுத் தேர்வு கடினமானது என்று கேட்பதற்கு முன், அந்நாட்டு மதிப்பெண் எந்த அளவுகோலில் நின்று பேசுகிறது என்பதைக் கேட்டாக வேண்டும்.

அளவுகோல்கள் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று, பிற மாணவர்களை வைத்து அளப்பது; மற்றொன்று, முன்கூட்டியே எழுதி வைத்த தகுதி விளக்கத்தை வைத்து அளப்பது. கொரியத் தேர்வு பெரும்பாலும் முதல் வகை. அங்கே 9 தரங்கள் உள்ளன. முதல் தரத்துக்கு 4 விழுக்காடு, அடுத்ததற்கு 7, அதற்கடுத்ததற்கு 12 என்ற கணக்கில் மாணவர்கள் பகுக்கப்படுகின்றனர். வினாத்தாள் எளிதாக அமைந்தாலும் கடினமாக அமைந்தாலும் இந்தப் பங்கீடு மாறுவதில்லை. எளிதாக அமைந்த ஆண்டின் தேர்வைக் கொரியர்கள் ‘நீர் சுனுங்’ என்றும், கடினமாக அமைந்ததை ‘நெருப்பு சுனுங்’ என்றும் அழைக்கின்றனர். நெருப்பைவிட நீரைக் கண்டு அஞ்சும் நல்ல மாணவர்கள் அங்கே உண்டு. எல்லோரும் ஏறக்குறைய எல்லா வினாக்களுக்கும் சரியாக விடையளிக்கும்போது, ஒரே ஒரு கவனப் பிழை ஒருவரை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்குத் தள்ளிவிடும் என்பதே காரணம்.

இதே தேர்வில் ஆங்கிலப் பாடம் 2017 நவம்பரில் வேறு அளவுகோலுக்கு மாற்றப்பட்டது. 100க்கு 90 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் அனைவருக்கும் முதல் தரம் என்பது புதிய விதி. சக மாணவரோடு போட்டியிட வேண்டியதில்லை என்பதால் அழுத்தம் குறையும் என்பது இதன் நோக்கம். அதன்பின் நிகழ்ந்தது தேர்வு அறிவியலுக்கு நல்லதொரு பாடம்: ஓர் ஆண்டில் 12 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முதல் தரம் பெற்றனர், வேறோர் ஆண்டில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானோரே பெற்றனர். நாட்டு மாணவர்களின் ஆங்கில அறிவு இடைப்பட்ட சில ஆண்டுகளில் அவ்வளவு ஏறி இறங்கியிருக்க வாய்ப்பில்லை. ஏறி இறங்கியது வினாத்தாளின் கடினம்தான். தரவரிசை அளவுகோல், தலைமுறை முழுவதும் முன்னேறினாலும் அதைக் காட்டாது. நிலையான வெட்டுக்கோடோ, வினாத்தாள் ஆண்டுதோறும் ஒரே கடினத்தில் இருந்தால் மட்டுமே நிலையானது. இரண்டுக்கும் அதனதன் குருட்டுப் பகுதி உண்டு.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்றால் கொள்குறி வினாக்கள் கொண்ட தேர்வு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அச்சொல் குறிப்பது, எழுதும் சூழலும் திருத்தும் முறையும் அனைவருக்கும் ஒன்றாக இருப்பதையே. அந்த எண்ணம் மிகப் பழமையானது. சீனாவில் சுயி அரசமரபின் காலத்தில் தோன்றி 1905 வரை நீடித்த அரசுப் பணித் தேர்வில், சோங் அரசமரபின் காலத்திலேயே விடைத்தாளில் எழுதியவரின் பெயரை மறைத்து ஒட்டினர். கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணக்கூடும் என்பதால், எழுத்தர்களை அமர்த்தி ஒவ்வொரு விடைத்தாளையும் படியெடுத்து, அப்படியையே திருத்துவோரிடம் கொடுத்தனர். இன்று கொரியாவில் ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதி நடைபெறும் ஏறத்தாழ 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுவது, அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

ஆயினும் சூழலை ஒன்றாக்குவது எளிது. திருத்துபவரின் மனத்தை ஒன்றாக்குவது அரிது. 1888 இல் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல், புள்ளியியல் அறிஞர், திருத்துபவர் மாறினால் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்பதை அளவைப் பிழையாகக் கருதி ஆராய்ந்தார். 1912, 1913 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் மதிப்பெண்கள் சிதறியதைக் கண்டு, மொழிப் பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கூறியவர்களுக்கு விடையாக, வடிவியல் விடைத்தாளையும் அவ்வாறே அனுப்பினார்கள். அதில் சிதறல் இன்னும் அதிகமாக இருந்தது: அதே தாளுக்குச் சிலர் 30க்கும் குறைவாகவும், சிலர் 90க்கு மேலும் வழங்கியிருந்தனர். வழிமுறைக்கு எவ்வளவு, இறுதி விடைக்கு எவ்வளவு, படம் ஒழுங்கின்மைக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு விதி வைத்திருந்தார்கள்.

அமெரிக்கா இதற்குக் கண்ட விடை, திருத்துபவரையே இல்லாமல் செய்வது. 1926 இல் தொடங்கிய எஸ்ஏடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு, கொள்குறி வினாக்களைக் கொண்டு அந்த வழியில் வளர்ந்தது. பிரான்சு அந்த வழியில் செல்லவில்லை. 1808 இல் நெப்போலியன் காலத்தில் நிறுவப்பட்ட பாக்கலோரியா என்னும் பள்ளியிறுதித் தேர்வில், பொதுப் பிரிவு மாணவர்கள் இன்றும் 4 மணி நேரம் அமர்ந்து மெய்யியல் கட்டுரை எழுதுகின்றனர். முன்னதில் நம்பகத்தன்மை கூடுகிறது. அதாவது மீண்டும் அளந்தாலும் ஏறக்குறைய அதே எண் கிடைக்கும். பின்னதில் அளக்க விரும்பியதையே அளக்கிறோமா என்ற பொருத்தம் கூடுகிறது. ஒரு கருத்தை எடுத்து வாதிட்டு நிறுவும் திறன் நமக்கு முக்கியமென்றால், அதை நான்கு தெரிவுகளுக்குள் அடைத்துவிட முடியாது. பிரான்சு ஏற்றுக்கொண்டிருக்கும் பிழை, தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிழை என்று நான் கருதுகிறேன். அதைக் குறைக்கப் பொதுவான மதிப்பீட்டுக் குறிப்புகளும் திருத்துவோர் கூட்டங்களும் உதவுகின்றனவே தவிர, முற்றிலும் நீக்குவதில்லை.

இனி, தேர்வு அறிவியலின் நடுவிலுள்ள சிக்கலுக்கு வருவோம். இவ்வாண்டு வினாத்தாளும் சென்ற ஆண்டு வினாத்தாளும் வேறு வேறு என்றால், இரண்டிலும் பெற்ற மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது? டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960 இல் வெளியிட்ட முறை இதற்கு ஒரு வழி திறந்தது. மாணவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே கோட்டில் இரு புள்ளிகளாக வைப்பதே அதன் கருத்து. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், அந்த மாணவர் அந்த வினாவுக்குச் சரியாக விடையளிக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மாணவர் ஓர் அலகு மேலே இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 73 விழுக்காடாகவும், இரண்டு அலகு மேலே இருந்தால் 88 விழுக்காடாகவும் உயர்கிறது. ஓர் அலகு கீழே இருந்தால் 27 ஆகத் தாழ்கிறது. ஒரு வினாத்தாளிலுள்ள சில வினாக்களை மற்றொன்றிலும் வைத்தால், அந்தப் பொது வினாக்கள் இரு தாள்களையும் ஒரே கோட்டில் பிணைத்துவிடுகின்றன. எஸ்ஏடி தேர்வில் மதிப்பெண்ணில் சேராத சோதனை வினாக்கள் கலந்திருப்பது, அவற்றின் கடினத்தை முன்கூட்டியே அறிந்து வைப்பதற்காகத்தான். கணினி வழிக்கு மாறிய பின் அத்தேர்வில் முதல் பகுதியை எழுதிய விதத்தைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது. அருகருகே அமர்ந்த இருவர் வெவ்வேறு வினாக்களுக்கு விடையளித்தும் ஒரே அளவுகோலில் எண் பெறுவது, இந்தக் கோட்டின் துணையால்தான்.

வினாக்களை வெளியிடாமல் காத்து வைக்க முடிந்தால் மட்டுமே இது கைகூடும். தேர்வு முடிந்ததும் வினாத்தாள் பொதுவெளிக்கு வந்துவிடும் நாடுகளில் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பல அமர்வுகளாக நடைபெறும் ஜேஇஇ மெயின் தேர்வில், 2019 முதல் ஒவ்வோர் அமர்விலும் ஒருவர் எத்தனை விழுக்காட்டினரை முந்தினார் என்ற சதமானமே ஒப்பீட்டுக்குப் பயன்படுகிறது. எல்லா அமர்வுகளிலும் அமர்ந்த மாணவர் கூட்டங்கள் சராசரியில் ஒத்த திறனுடையவை என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. பெரும் எண்ணிக்கையில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்களிடம் அது பொருந்தக்கூடிய அனுமானம்தான்.

இங்கிலாந்து மற்றொரு வழியை நம்பியது: மாணவர் கூட்டம் முன்பு எழுதிய தேர்வுகளில் எப்படிச் செய்தது என்பதை வைத்து, இவ்வாண்டு எத்தனை பேருக்கு எந்தத் தரம் கிடைப்பது இயல்பு என்று கணித்து, அதற்கேற்பத் தர எல்லைகளை வைப்பது. நாடு முழுவதற்குமான எண்ணிக்கையில் இது ஓரளவு நன்றாகவே இயங்கியது. 2020 இல் கொள்ளைநோயால் தேர்வுகள் நிறுத்தப்பட்டபோது, அதே தருக்கத்தைத் தனித்தனிப் பள்ளிகளுக்கும், அதன் வழியே தனித்தனி மாணவர்களுக்கும் பொருத்தினார்கள். ஆசிரியர்கள் தம் மாணவர்களைத் தரவரிசைப்படுத்தித் தந்தனர். அப்பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகள் எப்படிப் பரவியிருந்தனவோ அதற்கேற்ப ஒரு கணிப்புமுறை தரங்களைப் பகிர்ந்தது. பள்ளியிறுதித் தேர்வான ஏ லெவலின் முடிவுகள் ஆகஸ்ட் 13 அன்று வெளிவந்தபோது, ஏறத்தாழ 39 விழுக்காடு தரங்கள் ஆசிரியர் மதிப்பிட்டதைவிடக் குறைந்திருந்தன. சிறிய வகுப்புகளுக்குப் புள்ளியியல் செல்லாது என்பதால் அங்கே ஆசிரியர் மதிப்பீடே ஏற்கப்பட்டது. சிறிய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். முந்தைய ஆண்டுகளில் எவரும் உயர்தரம் பெறாத பள்ளியில் படித்த ஒரு திறமையான மாணவி, தான் எழுதாத தேர்வில், தனக்கு முன் படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சுமக்க நேர்ந்தது. நான்கு நாள் எதிர்ப்புக்குப் பின் ஆகஸ்ட் 17 அன்று அம்முறை கைவிடப்பட்டது. கூட்டத்தைப் பற்றிய உண்மையை ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாக மாற்றக்கூடாது என்பது புள்ளியியலின் தொடக்கப் பாடம். அது மறக்கப்பட்டபோது, விலை கொடுத்தவர்கள் 18 வயதினர்.

நாடுகளுக்கிடையே ஒப்பிடவென்றே உருவாக்கப்பட்ட பீசா ஆய்வு அந்தப் பாடத்தைத் தன் அமைப்பிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. 2000 இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) தொடங்கிய இதில், 15 வயதினரின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்கள் அளக்கப்படுகின்றன. 2022 சுற்றில் 81 நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் பங்கேற்றன. ஒவ்வொரு மாணவரும் 2 மணி நேரம், மொத்த வினாத் தொகுப்பின் ஒரு பகுதிக்கு மட்டுமே விடையளிக்கிறார். எனவே எந்த மாணவருக்கும் மதிப்பெண் சான்றிதழ் கிடையாது. அவருடைய திறன் இன்ன எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற பல மதிப்பீடுகள் கணிக்கப்பட்டு, அவற்றிலிருந்து நாட்டின் நிலை மட்டும் பெறப்படுகிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ள இரு மூல வடிவங்களிலிருந்து தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குகின்றனர். அப்படியும் ஒரு மொழியில் ஒரு வினா மட்டும் எதிர்பாராத அளவுக்குக் கடினமாகவோ எளிதாகவோ நடந்துகொண்டால், அந்நாட்டுக்கு அவ்வினாவின் கடினம் தனியாகக் கணக்கிடப்படுகிறது.

இத்தனை கவனத்துடன் உருவான எண்ணை, செய்திகள் ஓட்டப்பந்தய முடிவைப்போல வெளியிடுகின்றன. 2022 கணிதத்தில் சிங்கப்பூர் 575 புள்ளிகளும், ஓஇசிடி நாடுகளின் சராசரி 472 புள்ளிகளும் பெற்றன. இவ்வளவு பெரிய இடைவெளி உண்மையான வேறுபாடுதான். ஆனால் பட்டியலின் நடுவில் நெருங்கி நிற்கும் நாடுகள், எல்லா மாணவரையும் சோதிக்காமல் ஒரு மாதிரியை மட்டும் சோதிப்பதால் எழும் மாதிரிப் பிழையின் எல்லைக்குள் நிற்பவை. அதனால்தான் ஆய்வறிக்கை பல நாடுகளுக்கு ஒரே இடத்தைச் சொல்லாமல் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை என்று வரம்பாகச் சொல்கிறது. 2018 இல் சீனா என்ற பெயரில் பங்கேற்றவை பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் ஆகிய நான்கு பகுதிகள் மட்டுமே. மேலும், 15 வயதுக்குள் பள்ளியை விட்டு வெளியேறியவர்கள் இந்த ஆய்வில் இடம்பெறுவதில்லை. அப்படி வெளியேறுவோர் மிகுந்த நாட்டின் சராசரி, எஞ்சியிருப்போரின் சராசரிதான்.

பீசா நாடுகளை ஒப்பிடுகிறது; தனி மாணவர் எல்லை தாண்டும்போது அது உதவாது. அங்கே வேலை செய்வது மிக எளிய கணக்கு. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றப் பயன்படுத்தும் திருத்தப்பட்ட பவேரிய வாய்ப்பாடு, உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கூட்டுகிறது. பிரான்சில் 20க்கு 14 பெற்ற மாணவிக்குச் சான்றிதழில் ‘நன்று’ என்ற சிறப்புக் குறிப்பு கிடைக்கும். உச்சம் 20, தேர்ச்சி 10 என்று கொண்டு அதே 14 ஐ இந்த வாய்ப்பாட்டில் இட்டால் 2.8 வருகிறது, ஜெர்மானியத் தரவரிசையில் அது ‘நன்று’க்கு ஒரு படி கீழே உள்ள ‘நிறைவளிப்பது’. கணக்கில் பிழையில்லை. வாய்ப்பாட்டுக்குத் தெரிந்தவை இரண்டு முனைகள் மட்டுமே; பிரெஞ்சு ஆசிரியர்கள் 20ஐ எவ்வளவு அரிதாக வழங்குகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. இக்குறையை உணர்ந்தே, ஐரோப்பிய உயர்கல்விக்கான வழிகாட்டி, ஒரு பாடப்பிரிவில் ஒவ்வொரு தரத்தையும் எத்தனை விழுக்காட்டினர் பெற்றனர் என்ற பரவல் அட்டவணையை மதிப்பெண்ணுடன் இணைத்துத் தருமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறது. அந்த அட்டவணை கையில் இருந்தால், 14 ஐ எந்த வாய்ப்பாட்டிலும் இடாமல், ஜெர்மனியில் அதே அளவு விழுக்காட்டினர் எட்டும் தரம் எதுவோ அதற்கு நேராக வைத்துப் படிக்க முடியும்.